பட்டன் இருக்கிறதே, டயரை ஏன் மாற்ற வேண்டும்?

முதலில் உங்கள் கேள்வியை என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அட்லாண்டா பக்கம் இருக்கிறீர்கள். 1992 மாஸ்டா மியாட்டா ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். டயர்களில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் வரிப்பகுதி, பாதிக்கு மேல் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் 2313 என்று எண் போட்டிருக்கிறது. கடைக்காரர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 15 அங்குல ரிம்மில் 205 மில்லிமீட்டர் அகல டயர் போடச் சொல்கிறார். எந்த பிராண்ட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது பிராண்ட் இல்லை என்று நினைக்கிறேன். பார்க்க நன்றாக இருக்கும் டயரைத் தூக்கி எறிய மனசு வரவில்லை, எறிந்தால் பழைய அளவிலேயே வாங்குவதா, பெரிதாக வாங்குவதா என்றும் தெரியவில்லை. அதற்கே பதில் சொல்கிறேன். பிராண்ட் அதற்குப் பிறகு தானாக வந்துவிடும்.

சென்னைக்கு மேற்கே ஒரு டயர் ஆலையின் சோதனைப் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் அமெரிக்கா வந்து, ஒரு டயர் கடையில் 8 வருடமாக இருக்கிறேன். உங்களுடையதைப் போலவே 1.6 லிட்டர் மியாட்டா ஒன்று என்னிடமும் இருக்கிறது. ரப்பரைப் பற்றிச் சொல்வதைப் படிப்பும் வேலையும் வைத்துச் சொல்கிறேன். ஓட்டும் சுகத்தைப் பற்றிச் சொல்வதை மட்டும் ஒரு சொந்தக்காரரின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

டயரை மாற்றுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2313 என்றால் 2013-ஆம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதம் செய்தது. பத்து வயதைத் தாண்டிவிட்டது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த வயது டயரில் நான் நெடுஞ்சாலை ஏற மாட்டேன்.

ஆலையில் திரும்பி வந்த டயர்களை அறுத்துப் பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. ஒரு டயர் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒன்பது வயது, பட்டன் 6 மில்லிமீட்டர் இருந்தது, வெளியே ஒரு வெடிப்புக்கூட இல்லை. வண்டியை உறை போட்டு ஷெட்டிலேயே வைத்திருந்தாராம் அந்த மனிதர். குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். தோள் பகுதியில், இரண்டு இரும்புப் பெல்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும் இடத்தின் விளிம்பில் முடி போல ஒரு கோடு. விரலால் லேசாக வளைத்ததும் அந்தக் கோடு வாய் திறந்தது, நகம் உள்ளே போனது. பெல்ட்டைச் சுற்றியிருக்க வேண்டிய ரப்பர், அழுத்தினால் பழைய அழிரப்பர் மாதிரி பொடிந்தது. வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும், எனக்கும்தான், அது தெரிந்திருக்க வழியே இல்லை.

காரணம் ஆக்சிஜன். டயருக்குள் அழுத்தத்தில் இருக்கும் காற்று, ரப்பர் வழியாக மிக மெதுவாக வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. உட்புறம் ஒட்டியிருக்கும் பியூட்டைல் வகை ரப்பர் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. போகிற வழியில் அந்த ஆக்சிஜன் பெல்ட்டைப் பிடித்துவைத்திருக்கும் ரப்பரோடு சேர்ந்து அதைக் கெட்டியாக்குகிறது. டயர் உள்ளிருந்து வயதாகிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வெயில் ஏற ஏற இந்த வேலை வேகமாக நடக்கும். வெளிப்பக்கத்தில் ஓசோன் தாக்காமல் இருக்க ரப்பரில் மெழுகும் சில ரசாயனங்களும் கலக்கிறார்கள். டயர் ஓடி வளைந்து நெளியும்போது அவை மேற்பரப்புக்கு வந்து பாதுகாக்கும். மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டியில் அதுவும் சரியாக நடப்பதில்லை. அதனால்தான் வாரக் கடைசியில் மட்டும் வெளியே வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் டயர்கள், தினமும் ஓடும் வண்டிகளின் டயர்களை விட அதிகமாக ஏமாற்றுகின்றன. தினமும் ஓடும் டயர் வயதாவதற்குள் தேய்ந்துவிடும். உங்களுடையது தேய்வதற்குள் வயதாகிவிடும்.

எத்தனை வருடம் என்பதில் கறாரான எண் எவரிடமும் கிடையாது. பல கார் நிறுவனங்கள் 6 வருடம் என்கின்றன. மிஷலின் போன்ற டயர் நிறுவனங்கள் 5 வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கவும், 10 வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் கழற்றவும் சொல்கின்றன. நடுவில் இருக்கும் நான்கு வருடத்தில் ஒரு குறிப்பிட்ட டயர் எங்கே நிற்கிறது என்பது வெப்பம், காற்றழுத்தம், சுமை எல்லாவற்றையும் பொறுத்தது. உங்கள் ஊர் வெயிலுக்கு நான் 6-7 வருடத்திலேயே மாற்றிவிடுவேன். பிரிட்டனில் 2021 பிப்ரவரி முதல், லாரி, பஸ்களின் முன் அச்சில் 10 வயதைத் தாண்டிய டயரை ஓட்டுவதே சட்டவிரோதம். கார்களுக்கு அந்தச் சட்டம் இல்லை, ஆனால் ரப்பர் அதே ரப்பர்தான்.

நடிகர் பால் வாக்கர் இறந்த 2013 விபத்தைப் பற்றிப் பழைய டயர் பேச்சு வரும்போதெல்லாம் சொல்வார்கள். அதையும் சரியாகச் சொல்ல வேண்டும். அந்த போர்ஷே கரேரா ஜிடி-யின் டயர்களுக்கு ஒன்பது வயது என்பதும், அது வண்டியின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்பதும் விசாரணை அறிக்கையில் இருந்தது. ஆனால் முதன்மையான காரணமாக அவர்கள் சொன்னது வேகம்தான்.

சரி, அளவுக்கு வருவோம். உங்கள் வண்டிக்கு மாஸ்டா போட்டுக் கொடுத்தது 185/60 ஆர்14, அதாவது 185 மில்லிமீட்டர் அகலம், அதில் 60 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 14 அங்குல ரிம். இந்த வண்டி 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளிவந்தபோது, ஒரு டன்னைத் தொடாத எடை, நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு). குதிரையும் அதில் ஏறியவரும் ஓருடல் என்று பொருள்படும் ‘ஜின்பா இட்டாய்’ என்ற ஜப்பானியச் சொல்லை வைத்துக்கொண்டு அதை உருவாக்கியவர்கள் உழைத்தார்கள். அந்தக் கணக்கில் டயரும் சேர்ந்தது. 185 என்பது செலவைக் குறைக்கப் போட்ட ஒல்லி டயர் இல்லை. ஸ்டீயரிங் இலகுவாகத் திரும்பவும், டயர் வழுக்கப் போகிறது என்பது வழுக்குவதற்கு முன்பே கைக்கும் இடுப்புக்கும் தெரியவும் அந்த அகலம் பொருந்துகிறது. 205 போட்டால் பிடிப்பு கூடும் என்று கடைக்காரர் சொல்வது பொய் இல்லை. காய்ந்த ரோட்டில் கூடத்தான் செய்யும். ஆனால் 116 குதிரைத்திறன் வண்டியில் அந்தக் கூடுதல் பிடிப்பை எட்டிப்பார்க்க வேண்டுமென்றால் பொது ரோட்டில் ஓட்டக்கூடாத வேகத்தில் ஓட்ட வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியாக இருந்தால், பார்க்கிங்கில் ஒவ்வொரு முறையும் தோள்பட்டை அதை நினைவுபடுத்தும்.

15 அங்குலத்துக்குப் போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. போவதாக இருந்தால் 195/50 ஆர்15 போடுங்கள். இப்போதைய டயரின் விட்டம் சுமார் 578 மில்லிமீட்டர், இதன் விட்டம் 576. ஸ்பீடோமீட்டரும் கியர் கணக்கும் மாறாது. பிற்பாடு வந்த இரண்டாம் தலைமுறை மியாட்டாவுக்கு மாஸ்டாவே இந்த அளவைக் கொடுத்திருக்கிறது. 205/50 ஆர்15 என்றால் 586 ஆகிறது, ஒன்றரை சதவீதம் பெரிது. அது பரவாயில்லை. சிலர் சுலபமாகக் கிடைக்கிறதே என்று 195/55 ஆர்15 வாங்கிவிடுகிறார்கள். அது 595, மூன்று சதவீதம் பெரிது, முடுக்கம் மந்தமாகிவிடும். அந்தப் பக்கம் போகாதீர்கள். ரிம் வாங்கும்போது அகலத்தையும் பாருங்கள். 195/50-க்கு ஐந்தரையிலிருந்து ஏழு அங்குலம் வரை பொருந்தும். எடையையும் கேளுங்கள். உங்கள் வண்டியோடு வந்த ஏழு ஆரக்கால் (ஸ்போக்) கொண்ட அலாய் ரிம் ஐந்தரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மலிவான 15 அங்குல ரிம்கள் அதை விட இரண்டு மூன்று கிலோ கூட இருக்கும். இந்த மாதிரி லேசான வண்டியில் அதைக் குழி விழுந்த ரோட்டில் உடனே உணர்வீர்கள்.

மழையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன். ஈர ரோட்டில் டயர் தண்ணீரைப் பட்டன் வரிகள் வழியாக ஒதுக்கித் தள்ள வேண்டும். தள்ளி முடிவதற்குள் அடுத்த தண்ணீர் வந்துவிட்டால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும். அப்போது ஸ்டீயரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான். நாசா ஆய்வாளர்கள் 1960-களில் விமான டயர்களை வைத்து ஒரு கணக்கு கண்டார்கள். மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். உங்கள் வண்டிக்கு மாஸ்டா சொல்லும் 26 பிஎஸ்ஐ காற்றழுத்தத்துக்கு அந்தக் கணக்கு மணிக்கு சுமார் 53 மைல், அதாவது 85 கிலோமீட்டர் காட்டும். 36 பிஎஸ்ஐ வைக்கும் கனமான கார்களுக்கு 100 கிலோமீட்டர். கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது. நல்ல பட்டன் இருக்கும் டயர் இன்னும் தாங்கும், தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதையும் பொறுத்தது. ஆனால் லேசான வண்டி சீக்கிரம் மிதக்கும் என்ற அடிப்படை மாறாது. அகல டயர் இதை மோசமாக்குகிறது. ரோட்டைத் தொடும் இடம் நீளத்தில் குறைந்து அகலத்தில் கூடுகிறது. நடுவில் மாட்டிய தண்ணீர் வெளியேற அதிக தூரம் போக வேண்டும், நேரமோ குறைவு.

என் வண்டியில் 205 போட்டு ஒரு வருடம் ஓட்டினேன். ஒரு நாள் மழை விட்ட பத்து நிமிடத்தில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில், ஓரத்தில் தேங்கிய தண்ணீரில் பின்சக்கரம் ஏறியது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பின்பக்கம் அரை அடி வெளியே போய், தண்ணீரைத் தாண்டியதும் ஒரே வெட்டில் திரும்பி வந்தது. மணிக்கு 40 மைல்கூட இல்லை. பட்டன் 4 மில்லிமீட்டர் இருந்தது. சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். அன்றிலிருந்து 195-க்கு மேல் போவதில்லை, 4 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கவும் விடுவதில்லை.

இப்போது எந்த வகை டயர் என்பது. பக்கச்சுவரில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும், 200, 340, 500, 600 என்று. பெரிய எண் என்றால் மெதுவாகத் தேயும் என்று பொருள். டெக்சாஸில் சான் ஆஞ்சலோவைச் சுற்றி 7,200 மைல் ஓட்டிப் பார்க்கும் சோதனை அது. ஆனால் ஓட்டிப் பார்த்து எண்ணைப் போடுவது அந்தந்த நிறுவனமே. அதனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும், இரண்டு நிறுவனங்களை ஒப்பிட அவ்வளவு நம்பாதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஏஏ, ஏ, பி என்ற எழுத்து, ஈர ரோட்டில் நேராகப் போகும்போது பிரேக் பிடித்தால் எப்படி என்பதை மட்டும் சொல்கிறது. வளைவில் எப்படி என்று அது ஒன்றும் சொல்லாது.

நீங்கள் வருடத்துக்கு 3,000 மைல் ஓட்டுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடத்துக்கு 18,000 மைல்தான். 60,000 மைல் உத்தரவாதம் தரும் கெட்டி டயரை வாங்கினால் அதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ரப்பரைக் குப்பையில் போடுவீர்கள். ஆனால் அந்தக் கெட்டித்தன்மையை ஆறு வருடமும் ஒவ்வொரு வளைவிலும் அனுபவிப்பீர்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பலர் செய்யும் தப்பு இது. நீண்ட ஆயுள் என்பதை நல்ல தரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். குறைவாக ஓட்டுபவருக்கு மென்மையான ரப்பர்தான் லாபம்.

அதற்காக 200 எண்ணுக்குப் பாயவும் வேண்டாம். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகஹாமா ஏ052 போன்றவை ஆட்டோகிராஸ் போட்டிக்காரர்களுக்கு அருமையான டயர்கள். மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே ஓட்டப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். ரோட்டுக்கு மட்டும் என்றால், அவற்றின் ஆழம் குறைந்த பட்டனும் தேங்கிய தண்ணீரும் ஒத்துப்போகாது, சத்தமும் அதிகம். உங்களுக்கு ஏற்றது 300-லிருந்து 400-க்குள் இருக்கும் ரோட்டுக்கான கோடை டயர். இங்கேதான் அளவும் வகையும் ஒன்றையொன்று இழுக்கின்றன. 14 அங்குலத்தில் இப்போது கிடைப்பவை பெரும்பாலும் ஆல் சீசன் டயர்கள். நல்ல கோடை டயர் வேண்டுமென்றால் 15-க்குப் போவதுதான் வழி. பார்ப்பதற்காக இல்லாமல் இந்தக் காரணத்துக்காகப் போனால் எனக்குச் சம்மதம்.

கோடை டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். உறைநிலைக்கு அருகில் ஓட்டவே வேண்டாம் என்று நிறுவனங்களே எச்சரிக்கின்றன. அட்லாண்டாவில் ஜனவரிக் காலைகள் அப்படித்தான் இருக்கும். அந்தக் குளிர் மாதங்களில் வண்டி ஷெட்டில் நிற்கும் என்றால் கோடை டயர். குளிர்காலத்திலும் வேலைக்கு எடுத்துப் போவேன் என்றால், 14 அங்குலத்திலேயே இருந்து, எச் அல்லது வி வேகக் குறியுள்ள (டயர் எவ்வளவு வேகம் தாங்கும் என்பதைக் காட்டும் எழுத்து) ஸ்போர்ட் வகை ஆல் சீசன் வாங்குங்கள். என் வண்டி டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெளியே வராது, அதனால் 195/50 கோடை டயர் வைத்திருக்கிறேன். ஆனால் மாஸ்டா கொடுத்த 185 அளவு ஆல் சீசனிலும் ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன், மகிழ்ச்சியாகத்தான் ஓட்டினேன்.

எதை வாங்கினாலும் நான்கையும் ஒன்றாக வாங்குங்கள். பின்சக்கரத்தால் ஓடும் வண்டி, வழுக்கினால் பிடித்து நிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்கூட அந்த வருடம் எல்லா வண்டியிலும் வரவில்லை. முன்னால் புது டயரும் பின்னால் கிழட்டு டயரும் இருந்தால் மழையில் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் சுற்றும். ஏதோ காரணத்தால் இரண்டு மட்டும்தான் வாங்க முடியும் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கடையில் மாட்டச் சொல்வதற்கு முன்பு தேதியைப் பாருங்கள். 14 அங்குல டயர் மெதுவாக விற்பதால் கிடங்கிலேயே வயதாகி வரும். ஒரு வருடத்துக்குள் செய்ததாக இருந்தால் நான் வாங்குவேன், இரண்டு வருடம் என்றால் வேறு கேட்பேன். காற்று நிரப்பாமல் குளிர்ந்த கிடங்கில் இருந்த டயர் அவ்வளவு கெடாது என்பதும் உண்மை. இது என் பழக்கம்தான். முழுத் தேதி எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும் என்பது இங்குள்ள விதி. அது உள்பக்கமாக மாட்டப்பட்டிருந்தால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

டயர் மாற்றியதும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்யத் தோன்றும், செய்யவும் வேண்டும். ஆனால் இந்த வண்டியில் ஒரு வில்லங்கம் உண்டு. கோணத்தைச் சரிசெய்யும் நீள போல்ட்டுகள் முப்பது வருடத்தில் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். போன உடனே போல்ட் கழற்றும் இம்பாக்ட் கன்னை வைத்தால் போல்ட் முறியும். ஒரு வாரம் முன்பே துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் ஒரு முறை அடித்துவையுங்கள்.

காற்று 26 பிஎஸ்ஐ வைக்கச் சொல்லுங்கள். கடைகளில் கை தானாக 32, 35-க்குப் போகும், 26 என்றால் நம்ப மாட்டார்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டுங்கள். இதே 26-ஐத்தான் ஃபோர்டு நிறுவனம் எக்ஸ்புளோரர் வண்டிக்குச் சொல்லியிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு டன் எடை கொண்ட வண்டி அது. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் ஃபயர்ஸ்டோன் டயர்களைத் திரும்பப் பெற்ற விவகாரத்தில் அந்த எண் பெரிய சர்ச்சையானது. குறை டயரிலா அழுத்தத்திலா என்று இரண்டு நிறுவனங்களும் அடித்துக்கொண்டன. ஒரு டன் வண்டிக்கு அதே 26 மிகச் சரியானது. புது டயர் என்றால் முதல் 500 மைல் அடக்கி ஓட்டுங்கள், டயரை வார்த்த அச்சிலிருந்து ஒட்டி வந்த வழுவழுப்பு போக வேண்டும்.

இன்னொன்று, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். ஒல்லியாக ஒரு தற்காலிக டயர் இருக்கும். 2000-க்கு முன்பு தேதி எண்ணில் மூன்று இலக்கம்தான், வருடத்துக்குக் கடைசி ஒரு இலக்கம் மட்டும். 412 என்று இருந்தால் 1992-இன் 41-வது வாரம். ரோட்டையே தொடாமல் பளபளவென்று இருக்கும், பட்டன் முழுதாக இருக்கும், அதையும் நம்பாதீர்கள். நான் அதை எடுத்துவிட்டு ஒரு சின்ன காற்று பம்ப்பும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் வைத்திருக்கிறேன். உங்கள் ஸ்டெப்னியில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அலைன்மென்ட் போல்ட்டுகள் அசைகின்றனவா என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்து எந்தக் கோணம் வைக்கலாம் என்று சொல்கிறேன்.